காயும்வரை

கடைக்காரர் நீட்டிய அட்டையில்
ஆயிரத்து எண்ணூறு நிறம்.
நான் கேட்டது ஒன்றுதான்:
இதில் எது மூச்சுவிடும்?
அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

போன பெருநாளுக்குக் கூடத்தில் அடித்த பளபளப்பு
நாற்பது நாள் நாறியது.
இர்ஃபானின் நெஞ்சுக்குள்
ராத்திரி முழுக்க யாரோ விசிலடித்தார்கள்.
டாக்டர் புழுதி என்றார், பூனை என்றார்,
எங்களிடம் பூனை இல்லை என்றதும்
பக்கத்து வீட்டுப் பூனை என்றார்.

ஆகவே இந்தப் புரட்டாசியில்
வேதாரண்யம் பக்கமிருந்து கூத்தாநல்லூருக்கு
நான்கு மூட்டை கிளிஞ்சல் சுண்ணாம்பு.
கொல்லையில், தகர டிரம்மில்,
தண்ணீர் ஊற்றியதும் கொதித்தது
அடுப்பே இல்லாமல்.
கோழிகள் இரண்டு நாள் அந்தப் பக்கம் வரவில்லை.

பிள்ளையைப் பொதக்குடிக்கு அனுப்பிவிட்டுப்
பழைய பூச்சைச் சுரண்டினோம்.
வெயிலில் கறுத்த தோல் உரிவதுபோலச்
சுருள் சுருளாக விழுந்தது போன பெருநாள்.

வடித்த கஞ்சி, ஒரு கை கல்லுப்பு,
படுக்கையறைக்கு மட்டும் கொஞ்சம் காவி.
செங்குட்டுவனுக்கு இதில் எதுவும் பிடிக்கவில்லை.
"சட்டையில ஒட்டும்க்கா.
மழைக்கு முன்ன காயலேன்னா என்னயக் கேக்காதீங்க."

தீங்கில்லாதது என்று எங்கோ படித்திருந்தேன்.
முதல் நாளே அவர் விரலிடுக்கெல்லாம் வெந்தது.
தேங்காயெண்ணெய் கொடுத்தேன்.
கையுறை வாங்க ஆள் அனுப்பினேன்
கொஞ்சம் தாமதமாக.

முதல் பூச்சு எதையும் மறைக்கவில்லை.
ஆணித் துளைகள், காலண்டர் இருந்த சதுரம்,
எல்லாம் அப்படியே தெரிந்தன,
சுவரில் வெறும் தண்ணீரை அடித்த மாதிரி.
புருனையிலிருந்து ஜவஹர் வீடியோவில் பார்த்தார்.
நிறைய நேரம் பார்த்துவிட்டு
"காசு பத்தலையா?" என்றார்.

சுபுஹு பாங்குக்கு எழுந்தேன்.
லைட் போடவில்லை.
கூடம் தெரிந்தது.
ஈரம் போகப் போக
யாருக்கும் தெரியாமல் வெளுத்திருந்தது சுவர்.

இரண்டாம் பூச்சின் போது கேட்டேன்:
"ஏதும் வாடை அடிக்குதா, பாருங்களேன்."
செங்குட்டுவன் சுவரருகே மூக்கைக் கொண்டுபோனார்.
கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.
"எனக்கு மூக்கு செத்து ரொம்ப வருசமாச்சுக்கா.
வீட்ல மீன் கருகினாக்கூட
புள்ளதான் ஓடியாந்து சொல்லும்."
தின்னர், என்றார்.
வேறெதுவும் சொல்லாமல் ஏணியில் ஏறிவிட்டார்.

என் வீட்டில் நான்கு அறை.
அவர் மூச்சுக்குள் எத்தனை வீடு?
கேட்கத்தான் நினைத்தேன்.
போன பெருநாளின் கூடமும் அதிலொன்று;
அடித்தவர் அவர்தான்,
அடிக்கச் சொன்னவள் நான்.
அப்போது நாங்கள் ஒரு வாரம்
பொதக்குடியில் இருந்தோம்.
அவர் இங்கே இருந்தார்.

அன்றைக்கெல்லாம் சாப்பாட்டுத் தூக்கை
முருங்கை மரத்தடிக்குக் கொண்டுபோவாராம்,
உள்ளே உட்கார்ந்தால் கண் எரியும் என்று.
இன்று கூடத்தின் நடுவில் உட்கார்ந்து
புளிச்சோறு தின்றார்.
எழும்போது முதுகு முழுக்க வெள்ளை.
"சொன்னேன்ல ஒட்டும்னு," என்றார்,
ஜெயித்தவர் போல.

ஐப்பசி மழை சொன்னபடி வந்துவிட்டது.
மேற்குச் சுவரில் ஒரு முழம் இன்னும் காயவில்லை.
இர்ஃபான் பள்ளி வேனில் ஏறும்போது
தோளில் எங்கள் வீடு ஒட்டியிருக்கிறது.
இருமல் நின்றதா என்று கேட்கிறார் ஜவஹர்.
நிற்கவில்லை.
ராத்திரி மூன்று தடவை வந்தது
ஒரு தடவை வருகிறது.

நேற்று செங்குட்டுவன் போன் செய்தார்.
மன்னார்குடியில் கல்யாண மண்டபம் ஒன்று,
அவசர வேலை, எல்லாம் பளபளப்புத்தான்.
பிறகு, வைக்கப்போகிறவர் போல இழுத்து,
"அக்கா, அந்தச் சுண்ணாம்பு மிச்சம் கெடக்கா?
எங்க வீடு ஒத்த ரூம்தான்."

கொல்லையில் குடை பிடித்துக்கொண்டு
டிரம் மூடியைத் தூக்கிப் பார்த்தேன்.
தண்ணீருக்கடியில் தயிராகத் தங்கியிருந்தது.
கோழி ஒன்று வந்து எட்டிப்பார்த்தது.
ஒரு ரூமுக்குத் தாராளமாக வரும்.