சனிக்கிழமைப் புகை

ஹவுகிபுதாஸில் அவன் பெயர் ஓய்வா.
தமிழ்க் காதுக்கு அது கேள்வி.
பதில்: இல்லை, மூன்று மாதமாக இல்லை.

சனிக்கிழமை தோறும் சவுனா அடுப்பில் பிர்ச் விறகு எரியும்.
புகைபோக்கி கரியைத் துப்பும்.
வேலிக்கு அப்பால் ஹில்க்காவின் வெள்ளை விரிப்புகள்
பனியில் விறைத்துத் தொங்கியபடியே
புள்ளி புள்ளியாய்க் கறுக்கும்.
அவள் சண்டைக்கு வரவில்லை.
ஒரு விரிப்பை நான்காய் மடித்து
அவன் வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.
சண்டையே போட்டிருக்கலாம்.

முப்பதாயிரம் வோல்ட் இருந்தால்
புகையின் கரி தகட்டில் ஒட்டிக்கொள்ளும்.
காகித ஆலையில் இருபது வருடம் பார்த்ததுதான்.
பழைய தொலைக்காட்சியின் மின்மாற்றி,
அதன்மேல் டயோடும் கெப்பாசிட்டரும் அடுக்கி
ஓர் ஏணி.
கீழ்ப்படி தந்ததைத்
தன்னுடையதோடு சேர்த்து
மேல்படிக்குத் தூக்கிக் கொடுக்கும் ஏணி.

முதல் இரவு நாற்பது நிமிடம் உழைத்தது.
பிறகு
டப்.
தகட்டில் கரி தடித்துப் பொறி பாய,
ஏறியதெல்லாம் ஒரே மூச்சில் கீழே குதித்தது.
இரண்டு டயோடு காலி.
மாற்றினான். டப். மாற்றினான்.
செத்தவற்றை உப்பு மிட்டாய் டப்பாவில் போட்டுவைத்தான்.
அதுவும் கறுப்பு, இதுவும் கறுப்பு;
ஒருநாள் ஞாபகமில்லாமல் ஒன்றை வாயில் போட்டுக் கடித்தான்.

மெழுகில் புதைத்தான்; குளிரில் வெடித்தது.
எண்ணெயில் அமிழ்த்தினான்;
ஒரே ஒரு குமிழி, கடுகளவு,
அதன் வழியே புகுந்துவிட்டது.
விளக்கணைத்துப் பார்த்தால்
பற்றவைப்பின் ஒவ்வொரு கூர்முனையிலும்
ஊதாப் பூஞ்சை பூத்துச் சீறிக்கொண்டிருந்தது.
கூர் இருந்தால் கசியும்.
ஈயத்தை உருக்கி எல்லா முனையையும்
மிளகு மிளகாய் உருட்டினான்.
சீறல் நின்றது. சாவு நிற்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி
நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு
ஹில்க்கா கதவைத் தட்டினாள்.
"உன் பொறி என் வானொலியில் கேட்கிறது.
இன்று பதினொன்று.
அதற்குப் பிறகு சத்தமே இல்லை.
இருக்கிறாயா என்று பார்க்க வந்தேன்."

தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம்
இடி விழுந்த கம்பிகளோடு மல்லுக்கு நின்றவள்.
குனிந்து பார்த்தாள். தொடவில்லை.
"அணைத்துவிட்டேன்" என்றான்.
"நீ அணைத்தாய். அது அணைந்ததா?"
மூலையில் கிடந்த பனிச்சறுக்குக் கோலை எடுத்து
நுனியில் செம்புக் கம்பி சுற்றி
மறுமுனைக் கம்பியை மண்ணுக்கு இழுத்துக் கட்டி,
ஒரு கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு
தள்ளி நின்று தொட்டாள்.
டப்.
"பன்னிரண்டு" என்றாள்.

அவனுக்கு முழங்கால் தளர்ந்தது.
சற்றுமுன் அங்கேதான் விரல் வைக்கப் போனான்.

"எல்லாவற்றையும் தடிப்பாக்கியிருக்கிறாய்.
வழிய வேண்டிய இடம் எங்கே?"

கண்மாய் என்றால் கலுங்கு வேண்டும்.
அவளுக்கு அந்தச் சொற்கள் தெரியாது;
மறுநாள் திரைச்சீலைக் கம்பியின்
இரு பித்தளைக் குமிழ்களைத் திருகிக் கழற்றிக் கொண்டுவந்தாள்.
எதிரெதிரே வைத்து,
நடுவில் விரலகல இடைவெளி.
ஏணியின் உச்சியிலிருந்து தகட்டுக்கு நேர்வழி அடைத்து
வரிசையாய்ப் பத்து ரெசிஸ்டர்:
குதிப்பதென்றாலும் வரிசையில் நின்று குதிக்கட்டும்.
ஏணியின் குறுக்கே இன்னொரு வரிசை,
அணைத்த பிறகும் தேங்கியதை மெல்லக் குடித்துவிட.
கோல் மட்டும் கதவோரம் ஆணியில் தொங்கியது.
குடித்துவிட்டது என்று அதை நம்பி
கை வைக்காதே என்றாள்.

இப்போது ஏப்ரல். டப்பாவில் புதிதாய் எதுவும் விழவில்லை.
ஞாயிறு காலை வேலியோரம்
"நேற்று நான்கு" என்பாள்.
"ஈரக் காற்று" என்பான்.
அவ்வளவுதான் பேச்சு.
ஒன்றுமே கேட்காத சனிக்கிழமைகளில்
நெற்றி விளக்கோடு வந்துவிடுகிறாள்;
வந்தவள் சவுனாவுக்குப் போகிறாள், முதல் ஆவி அவளுக்கு.

கொடியில் விரிப்புகள் வெள்ளை வெள்ளையாய்.
அன்று வாசலில் வைத்துவிட்டுப் போனது மட்டும்
இன்னும் அவனிடம்தான்.
கேட்கவில்லை, கொடுக்கவில்லை.
தகட்டின் கரியைத் துடைக்க அதைவிட நல்ல துணி இல்லை.