காத்திருப்பு = 3

தடைக்காலம், நாற்பத்தோராம் நாள்.
தங்கச்சிமடத்தில் பதினொரு மணிக்குப் போன கரண்ட்
வருகிற வழியாகத் தெரியவில்லை.
படகில் வைத்தே பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கினோம்.
வீல்ஹவுஸில் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இருக்கிறது,
வலை இல்லை, ஐஸ் இல்லை,
ஏப்ரல் பதினாலின் மீன் வாடை மட்டும் பலகையில்.

ஜெனிஸ்டன் கைலி மடிப்பிலிருந்து எடுத்தான் கேம் பெட்டியை.
தோஹாவிலிருந்து மச்சான் இஞ்ஞாசி கொடுத்துவிட்டது,
இரண்டு கை மாறி வந்தது.
வலப்பக்கக் காடியில் உப்பு பச்சையாய்ப் பூத்திருந்தது.
தின்னர் தொட்டுத் துடைத்தோம்.

காடிக்குள் பத்துத் தகடு, ஒவ்வொன்றும் எள்ளத்தனை.
பத்தாவதைத் தரையோடு சேர்க்க வேண்டும்.
தரை என்றால் மின்சாரத்தின் தரை;
எங்களுக்குக் கீழே தண்ணீர்தான்.
தூண்டில் முள்ளை நெருப்பில் காட்டி நிமிர்த்தி
உள்ளே விட்டேன்.

சத்தம் கூட்டும் பொத்தானை விடாமல் பவரைத் தொட வேண்டும்.
படம் வந்தால் தோல்வி.
திரை கருப்பாகவே கிடந்தால்
உள்ளே நுழைந்துவிட்டோம் என்று அர்த்தம்.
நான்கு முறை படம் வந்தது.
பக்கத்துப் படகு இடிக்கும் நேரம் பார்த்து
முள் வழுக்கிக்கொண்டே இருந்தது.
ஐந்தாவது முறை ஒன்றுமே வரவில்லை.
"செத்துருச்சாடா?"
"இல்ல. காது குடுத்துக்கிட்டு இருக்கு."

போனிலிருந்து கேபிள் வழியே
ஒரு சின்ன நிரலை அனுப்பினேன்.
பூட்லோடர் கண் திறந்தது.

முதலில் பேக்கப். இருபத்தொன்பது ஜிபி.
எண்பத்தாறு சதவீதத்தில் கரையிலிருந்து பிலோமினாக்கா,
"அடியில தண்ணி ஏறியிருக்கும், பம்ப்பைப் போடுங்கடா!"
பம்ப் ஓடினால் பேட்டரி படுத்துவிடும்,
பெட்டி பாதியில் செங்கல்லாகும்.
வாளி எடுத்துக் கையால் இறைத்தேன்,
எண்பத்தேழு, எண்பத்தெட்டு,
முதுகு விட்டுப்போகும்வரை, நூறு வரை.
உழைக்கிறான் பார் என்று அக்கா நினைத்திருக்கும்.

பிறகு அந்தச் சின்னக் கோப்பு.
வரிக்கு ஒரு பெயர், ஒரு சமக்குறி, ஓர் எண்.
ஒரு சதுர அடைப்பை மூட மறந்தேன்,
மெனு காலியாக வந்து நின்றது.
மூடினேன், எல்லாம் இருந்தன.

இன்னொரு வரி உண்டு:
அதில் ஒன்று என்று போட்டால்
பெட்டியின் வரிசை எண்ணை யார் கேட்டாலும்
பூஜ்யம் பூஜ்யமாகச் சொல்லும்.
ஜெனிஸ்டன் எட்டிப் படகின் விலாவைப் பார்த்தான்.
விதிப்படி பச்சை. விதிப்படி பெரிய எழுத்து.
அக்கரைப் பைனாகுலர் முதலில் படிப்பது அதைத்தான்.
"இதுக்கு அப்படி ஒரு வரி இல்லையா?"
"பெயிண்ட்டுக்கு ஏதுடா பூட்லோடர்."
சிரிக்கத்தான் சொன்னேன்.
அவன் அண்ணன் போன படகு அங்கேதான்
வெயிலில் கிடக்கிறது இன்னும்.

கடைசி வரி, காத்திருப்பு.
"பூஜ்யம் போடு. அறுவத்தோரு நாளு காத்தது பத்தாதா?"
பூஜ்யம் போட்டால் நேரே உள்ளே போய்விடும்,
ஏதாவது கோளாறு என்றால் நிறுத்த இடமில்லை,
மறுபடி முள்ளைத் தேட வேண்டும்.
மூன்று என்று எழுதினேன்.
மூன்று விநாடிக்குள் சத்தம் குறைக்கும் பொத்தானை அழுத்தினால்
வேறு வழி கேட்கலாம்.
அழுத்தாவிட்டால் அதுவாகவே போகும்.

ஜூன் பதினைந்து. டோக்கன், டீசல், ஐஸ்.
இரவு ஒன்றரைக்கு ஜிபிஎஸ் கீச்சிட ஆரம்பித்தது.
கோட்டுக்கு எத்தனை தூரத்தில் கத்த வேண்டும் என்று
அதற்கும் யாரோ எண் போட்டிருக்கிறார்கள்.
பின்னால் தார்ப்பாய்க்குள் ஜெனிஸ்டன்
பெட்டியை உயிர்ப்பிக்கிறான்,
முகத்தில் லோகோவின் வெளிச்சம்.
நான் எண்ணுகிறேன், என்னை அறியாமல்.
ஒன்று.
இரண்டு.
டிரைவரின் கை கியரில்.
எந்தப் பக்கம் என்று
இங்கிருந்து தெரியவில்லை.