மூன்றாம் முறை

மார்ச்சில் முதலில் வந்தாள்,
குதாயிசிச் சந்தையின் ஈரம் மேலங்கியில் காயாமல்.
வலது மேலிமையில் ஒரு பட்டாணி.
வலியில்லை, சிவப்பில்லை.
கண்கட்டி என்று எழுதினேன்.
வெந்நீர் ஒத்தடம், பத்து நிமிடம், நாளுக்கு நான்கு வேளை.
ம்ஸெவினார் சிரித்தாள்:
"பாலாடைக்கட்டி விற்பவளுக்கு
பத்து நிமிடம் யார் தருவார்?"

ஜூனில் இமையைக் கவிழ்த்துக் கீறினேன்.
வெள்ளையாய் ஏதோ பிதுங்கியது.
சுரண்டினேன், துடைத்தேன், எறிந்தேன்.

அக்டோபரில் பட்டாணி திரும்பிவிட்டது,
காலி செய்தும் சாவியைத் தராத குடித்தனக்காரன்போல.
மறுபடி கீறினேன்.
மறுபடி எறிந்தேன்.

பிப்ரவரி. ரியோனி ஆற்றின்மேல் பனிப்புகை.
இம்முறை அவள் உட்காரவில்லை.
"எதிர்க்கடைக்காரி புற்று என்கிறாள்.
நீ என்ன சொல்கிறாய்?"

ஒரு வருடத்தில் முதன்முறையாக
அவசரமில்லாமல் பார்த்தேன்.
விரலடியில் தோல் வழுக்கி நகர்ந்தது,
பட்டாணி நகரவில்லை;
இமைத்தகட்டோடு ஒட்டி நின்றது.
இமைமயிர் ஒன்றும் உதிரவில்லை, அது நல்லது.
இமையைக் கவிழ்த்தால்
உட்புறம் நீலம் பாய்ந்த வெண்மை,
உருண்டையாய், ஓரம் தெளிவாய்.
கண்கட்டி என்று நான் எழுதியது
கண்கட்டு வித்தை.
காட்டியது பட்டாணி, கட்டுண்டது நான்.

"புற்றாகத் தெரியவில்லை" என்றேன்.
"ஆனால் உறுதியாகச் சொல்ல
நான் அதை முழுசாக எடுத்து அனுப்பவேண்டும்.
முன்பே செய்திருக்கவேண்டும்."
அந்தக் கடைசி வாக்கியத்துக்கு
அவள் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

உடைக்காமல் எடுப்பதுதான் வேலை.
பையின் சுவரில் ஒரு துணுக்கு மிஞ்சினாலும்
அது திரும்பவும் குடியேறும்.
தகட்டிலிருந்து ஒரு கீற்றையும் சேர்த்தே வெட்டினேன்.
மரத்த இமைக்குக் கீழே
அவள் செஸ்தபோனிப் பசுக்களின் விலையைப் பேசிக்கொண்டே இருந்தாள்.
"பேசாதே, இமை ஆடுகிறது."
சற்று மௌனம்.
"நீ இரண்டு தடவை தப்பாகச் சொன்னாய்,
அப்போதெல்லாம் நான் பேசினேனா?"
செவிலி லமாரா முகக்கவசத்துக்குள் இருமினாள்.
நான் நூலை இறுக்கினேன்.

குப்பியைக் காட்டச் சொன்னாள்.
மற்றொரு கண்ணால் விளக்குக்கு நேரே பிடித்து,
தொழில்காரியின் கணக்கில் பார்த்து,
"உறையவே இல்லை. இதை நான் கடையில் வைக்கமாட்டேன்" என்றாள்.

ஒன்பது நாள் கழித்து
திபிலிசியிலிருந்து ஓத்தியாவின் அறிக்கை:
இமைத்தகட்டினுள் கெரட்டின் நிறைந்த பை.
சுவர் முழுமை. தீங்கற்றது. அரிது.
கீழே பென்சிலில், எனக்கு மட்டும்:
முதல் இரண்டும் எங்கே?

குப்பைத்தொட்டியில், ஓத்தியா.
அதை நான் அவருக்கு இன்னும் எழுதவில்லை.

ம்ஸெவினாரைக் கூப்பிட்டேன்.
"இரு" என்றாள்.
யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுத்து முடித்து
"சொல்" என்றாள்.
சொன்னேன்.
பதிலில்லை.
மறுமுனையில் உப்புநீர் வாளிக்குள்
கனமாய் ஒன்று நழுவி விழுந்து
தெறிக்கும் சத்தம்.