எடைச்சீட்டு

ஓடுபாதையை டன் கணக்கில் விற்றுவிட்டார் பிளாம்ஃபீல்ட்.
சஃபோக்கில் கோதுமை விலை சரிந்த வருஷம் அது.
எடைமேடையில் சீட்டு எழுதுவது என் வேலை:
வண்டி எண், வெற்றெடை, நிறையெடை,
சரக்கு என்ற இடத்தில் எப்போதும்
உடைத்த கான்கிரீட்.

தேநீர் இடைவேளையில் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஏறினேன்.
படிகளில் பாதி இல்லை.
ஜன்னல் இருந்த ஓட்டை வழியாகக் காற்று வந்து
அறைக்குக் குறுக்கே நடந்து
அடுத்த ஓட்டையில் இறங்கிப் போனது.
புறா எச்சம், ஒரு கம்பிச்சுருள்,
பையன்கள் குடித்துப் போட்ட பீர் டப்பா.
சுவிட்ச் இருந்த பள்ளத்துக்குப் பக்கத்தில்
பென்சிலில்:
லெமுவெல் தரவேண்டியது மூன்று ஷில்லிங்.
அடிக்கவும் இல்லை, தீர்ந்தது என்று எழுதவும் இல்லை.
எழுதியவன் போனானா, லெமுவெல் போனானா,
இரண்டு பேருமே பத்திரமாய் ஊர் சேர்ந்து
மறந்துதான் போனார்களா.
ஷில்லிங்கே செத்து ஐம்பது வருஷமாகிறது.

கீழே ரிமாஸ் இயந்திரத்தை நிறுத்தியிருந்தான்.
லிதுவேனியாக்காரன். காரணமில்லாமல் நிறுத்தமாட்டான்,
அவனுக்கும் டன்னுக்குத்தான் கூலி.
வா என்று கையசைத்தான்.

பெயர்ந்து கிடந்த ஒரு பாளத்தில்
நாய்த்தடம்.
ஈரமாய் இருந்தபோது ஓடியிருக்கிறது.
நான்கு, ஐந்து, பிறகு ஓரிடத்தில் குழப்பம்
(யாரோ அதட்டியிருக்க வேண்டும்)
அப்புறம் வந்த வழியே, பாய்ச்சலில்.
அதன் மேல்தான் நான்கு எஞ்சின் விமானங்கள்
குண்டு சுமந்து எழும்பின,
எண்ணிக்கை குறைந்து இறங்கின.
எந்தச் சக்கரமும் அதை அழிக்கவில்லை.
மழைநீர் தேங்கிய ஒரு பாதக்குழியில்
எறும்பு கரை தேடிக்கொண்டிருந்தது.

"எங்கள் ஊரிலும் ஒன்று உண்டு,
ரஷ்யர்கள் விட்டுப்போனது.
அதில்தான் மோட்டார் சைக்கிள் பழகினேன்" என்றான்.
அதற்கு மேல் பேசவில்லை.
பாளத்துக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவனும்
கொஞ்ச நேரம் நின்றோம்,
அது கடந்து போக வழிவிட்டவர்கள் போல.

மூன்றரைக்குக் கடைசி லாரி.
புறவழிச்சாலைக்கு அடியில் கொட்டப் பதினெட்டு டன்.
பாளத்தை ஒதுக்கி வைக்க இடமுமில்லை, அனுமதியுமில்லை.
ரிமாஸ் அதை உடைக்காமல் முழுசாய்த் தூக்கி
எல்லாவற்றுக்கும் மேலே வைத்தான்,
தடம் வானம் பார்க்க.

சரக்கு என்ற இடத்தில்
பேனா கொஞ்சம் தயங்கிற்று.
உடைத்த கான்கிரீட் என்றே எழுதினேன்.
அதற்குக் கீழே, சின்னதாய்,
ஒரு நாய்.

ஓட்டுநர் படிக்காமல் கையெழுத்துப் போட்டான்.