இடம், வலம்

கையெழுத்துப் போடும்போது பேனா எழுதவில்லை.
டாக்டர் ஸ்கிர்மன்டே தன்னுடையதைத் தந்தார்.
"ஒரு பக்க டான்சில் லேசரில்,
மறுபக்கம் கத்தியில்.
எது எந்தப் பக்கம் என்பது உறைக்குள் இருக்கிறது.
உங்களை மயக்கிய பிறகு பிரிப்பேன்,
உங்களிடம் சொல்ல மாட்டேன்."

முப்பத்தெட்டு வயது எனக்கு.
வருஷத்துக்கு ஏழு தடவை சீழ் கட்டும் தொண்டை.
கிளைபேடா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன்,
இடக்கையில் ஒரு நெம்பு, வலக்கையில் ஒரு நெம்பு.
நாற்பது மீட்டர் உயரத்தில்
இடம் வலம் குழம்பினால்
கீழே நிற்பவன் வீட்டுக்குப் போகமாட்டான்.
சரி என்றேன்.

விழித்தபோது
வாயெல்லாம் துருப்பிடித்த ஆணியின் ருசி.
நர்ஸ் ஒரு கட்டுத் தாள் கொடுத்தாள்.
தாளுக்கு இரண்டு கோடு, கோட்டுக்குப் பத்து சென்டிமீட்டர்.
இந்த முனையில் 'வலியே இல்லை'.
அந்த முனையில் 'இதற்குமேல் வலிக்காது'.
மாலை ஏழு மணிக்கு ஒரு மிடறு தண்ணீர் விழுங்கி
கோட்டைக் குறுக்கே வெட்ட வேண்டும்,
இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று.

இதற்குமேல் வலிக்காதென்று
யார் போய்ப் பார்த்துவிட்டு வந்தது?

முதல் நான்கு நாள்
வலம் ஏழரையில் நின்றது.
இடம் இரண்டைத் தாண்டவில்லை.
ஒரே தொண்டையில்
ஒரு பக்கம் வெண்ணெய், ஒரு பக்கம் சுண்ணாம்பு.
"இடம்தான் லேசர்," என்றாள் ஔஷ்ரா,
"வெளிச்சம் வலிக்குமா என்ன?"
பந்தயம்: தோற்பவர் எல்லா ஜன்னலையும் துடைக்க வேண்டும்.
தலையாட்டினேன்.
பேசக் கூடாதென்று யாரும் தடுக்கவில்லை,
பேச வரவில்லை.

காயல் படகில் டிக்கெட் கிழிக்கிறவள் அவள்.
அவளுடைய படகாவது இரவில் கொஞ்சம் தூங்கும்.
என் எச்சில்
நிமிடத்துக்கு ஒருமுறை
இக்கரைக்கும் அக்கரைக்கும் நடுவே
ஆளில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

எட்டாம் நாள் அதிகாலை மூன்று மணி.
இடம் விழித்துக்கொண்டது.
தண்ணீர் பட்ட கிளிஞ்சல் சுண்ணாம்பாக
ஒவ்வொரு மிடறுக்கும் கொதித்தது.
வலமோ
கடனை ரொக்கமாகக் கட்டிவிட்டவன்போல் குறட்டை விட்டது.
கண்ணாடி முன் வாயைத் திறந்து
போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன்:
இரண்டு பக்கமும் மஞ்சள் வெள்ளையில் ஏடு படிந்திருந்தது.
வலத்தில் ஓரம் பிரிந்து கீழே ரோஜா நிறம்.
இடத்தில் இன்னும் தடிமனாக, அசையாமல்.

பந்தயத்தை மாற்றினேன்.
'இடம்: கத்தி' என்று காலண்டரில் எழுதி வைத்தேன்.

'பிற குறிப்புகள்' என்ற கட்டத்தில் எழுதியது:
இடது காது வலிக்கிறது.
காதை யாரும் தொடவில்லையே?

பதினோராம் நாள், ஜூன் வெயில்.
பீட்ரூட் போட்ட குளிர்ந்த மோர் சூப்பை
ஔஷ்ரா தனக்குத்தான் செய்துகொண்டாள்.
அந்த இளஞ்சிவப்பைப் பார்த்து நாக்கு கேட்கவில்லை,
ஒரே ஒரு கரண்டி.
அன்று மாலை இடத்துக்கான வெட்டு
கோட்டுக்கு வெளியே விழுந்தது,
தாளின் ஓரத்தில், 'வலிக்காது'வையும் தாண்டி.

ஆறு வாரம் கழித்து டாக்டர் சொன்னார்:
"இடம் லேசர். மேசைமேல் ரத்தமே இல்லை.
வலத்தில்தான் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நின்றேன்."
"அப்படியானால் எது நல்லது?"
மேசையில் பள்ளிக்கூடப் பிள்ளையின் பிளாஸ்டிக் ஸ்கேல் கிடந்தது.
"இன்னும் நாற்பத்தொரு தொண்டைகளை அளக்க வேண்டும்," என்றார்.
வெளியே விழுந்த வெட்டை என்ன செய்வதென்று
அவருக்கும் தெரியவில்லை.
பத்து என்றே போட்டுக்கொண்டார்.

ஜன்னல்கள் மொத்தம் ஒன்பது. துடைத்தேன்.

முதல் ஷிப்ட். ரேடியோவில் ஜித்ரூனாஸ்:
"மேலே யாரு? புது ஆளா?"
"நான்தான், ரிம்விதாஸ்."
"குரல் வேற மாதிரி இருக்கே."
இரண்டு கோடுகளில் எதிலும்
அதற்கு இடம் இருக்கவில்லை.
கயிற்றில் கன்டெய்னர் காற்றுக்கு மெல்லத் திரும்பியது.
"இடப்பக்கம் கொஞ்சம்," என்றான்.
எச்சிலை விழுங்கிப் பார்த்தேன், பழக்கம்,
பிறகு இடக்கை நெம்பைத் தள்ளினேன்.