பின்பார்த்த இருக்கை

இரவு பதினொன்றுக்கு ஒருமுறை, மூன்றுக்கு ஒருமுறை
ஏட்டு பேர் வாசிப்பார்.
சாவடித் தரையில் படுத்தபடியே
'உள்ளேன்' என்போம், நானும் அய்யாவும்.
தூக்கத்தில் சொல்லவும் பழகியிருந்தோம்.
பத்து விரலின் ரேகையும் செக்கானூரணி ஸ்டேஷனில் இருந்தது.
ஒன்றும் திருடாத விரல்கள்
(அய்யாவுடையதற்கு நான் சத்தியம் செய்ய முடியாது).

தம்பி ஒச்சப்பன் பேரின் மேல் மட்டும் சிவப்புக் கோடு:
பட்டாளம்.
திருமங்கலத்தில் பஸ் கம்பெனியில் ஸ்பானர் பிடித்தவன்
ஏர்ஃபோர்ஸில் ஃபிட்டர் ஆனான்,
அப்புறம் தானே கேட்டு வாங்கிக்கொண்டு
குண்டுபோடும் விமானத்தில் பின் துப்பாக்கிக்காரன்.

லீவில் வந்தபோது கம்மாக்கரையில் சொன்னான்:
"பைலட்டு எனக்கு முதுகுக்குப் பின்னால.
நான் வாலைப் பாத்து ஒக்காரணும்.
போற எடம் தெரியாது,
விட்டு வந்த எடந்தான் தெரியும்."
செங்குத்தாய் இறங்கும்போது
அவனுக்கு வானம் மட்டும்தானாம்,
மல்லாக்கக் கிணற்றில் விழுகிறவனுக்குப் போல.
திரும்ப மேலேறும்போது புகையைப் பார்த்து
பட்டதா படவில்லையா என்று சொல்ல வேண்டியது
அவன் வேலை.
"பட்டா என்னடா சொல்லுவ?"
"பட்டுச்சுன்னு."
அப்புறம் வெகுநேரம் தண்ணீரில் கல்லெறிந்துகொண்டிருந்தான்.

விமானத்தின் பேர் வெஞ்சன்ஸ்.
அர்த்தம் கேட்டேன். நம்ம வஞ்சம் மாதிரிதான் என்றான்.
யார் மேல் என்று நான் கேட்கவில்லை.

அன்று ராத்திரி வீட்டில் படுக்க அனுமதி அவனுக்கு.
மூன்று மணிக்குச் சாவடி வாசலில் வந்து நின்றான்,
பீடி நெருப்பு தெரிந்தது.
ஏட்டு நோட்டை மூடிவிட்டு
அரைகுறையாய் ஒரு சல்யூட் வைத்தார்.
நானும் அய்யாவும் எழுந்திருக்கலாமா என்று தெரியாமல்
படுத்தே கிடந்தோம்.

தந்தி மாசியில் வந்தது.
போஸ்ட்மாஸ்டர் தமிழில் சொன்னார்:
விமானம் திரும்பவில்லை. உங்கள் மகனைக் காணவில்லை.
எங்கள் ஊரில் அந்தச் சொல்லை
போலீஸ்தான் எழுதும்.
காணவில்லை என்றால் வாரண்டு,
காணவில்லை என்றால் ஆறு மாசம்.
ஏட்டு மாறியிருந்தார். புதியவருக்கு என்ன தகவல் போனதோ,
இரண்டு கான்ஸ்டபிளோடு வந்துவிட்டார்.
வைக்கோல் படப்பைக் கம்பால் குத்தினார்கள்.
குலுக்கைக்குள் விளக்கை இறக்கிப் பார்த்தார்கள்.
அம்மா தடுக்கவில்லை, கத்தவில்லை.
அவர்கள் பின்னாலேயே போனாள்.
அவர்கள் பார்த்து முடித்த குலுக்கைக்குள்
தானும் ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

ஆவணியில் கடிதம்.
குண்டு மாட்டிவிடும் வேலை பார்த்த கும்பகோணத்துக்காரர்
நல்ல தமிழில் எழுதியிருந்தார்.
அரக்கான் மலை, மேகம், வலது இறக்கையில் தீ.
பின்னால் பறந்து வந்தவர்கள்
ஒச்சப்பன் முகத்தைப் பார்த்தார்களாம்.
வாலைப் பார்த்து உட்கார்ந்தவன் அல்லவா,
பார்க்கக் கிடைத்தது அந்த ஒரு முகம்.
இரண்டு விரலை உயர்த்திக் காட்டினானாம்.
என்ன சொன்னான் என்று யாருக்கும் விளங்கவில்லை.
எங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று
கேட்டிருந்தார்.

பென்ஷன் பேப்பரில்
அம்மாவின் இடது கட்டை விரலைப் பிடித்து உருட்டினார் குமாஸ்தா.
மை காயும்வரை காத்திருந்தாள்.
மிச்ச விரல்களையும் விரித்து நீட்டினாள்.
"ஒண்ணு போதும்மா."
"ஒண்ணே போதுமாய்யா?" என்றாள், நம்பாமல்.

ரேகைச் சட்டம் போய் வருஷம் பலவாயிற்று.
மூன்று மணிக்கு விழிப்பு மட்டும் வருகிறது.

போன வாரம் உசிலம்பட்டி பஸ்ஸில் கூட்டம்.
டிரைவர் முதுகோடு முதுகாய்
பின்பக்கம் பார்த்த சீட்டுதான் கிடைத்தது.
எல்லார் முகமும் என்னைப் பார்த்திருந்தன.
எந்த ஊர் வருகிறதென்று தெரியவில்லை.
நாகமலை மட்டும்
பின்வாங்கிப் பின்வாங்கி
வால்வரைக்கும் தெரிந்தது.
டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம்
மடியில் கிடந்த கையை எடுத்து
இரண்டு விரலைக் காட்டியிருக்கிறேன்.
"கூட யாரு பெரியவரே?" என்றான்.