ஈரத்தோடு மடிக்காதே

ஐப்பசி பிறந்தால் என் ஹெரால்டுக்குப் பூஞ்சை பூக்கும்.
பின்பக்க மடிப்பில், முதல் நாள்
மிளகுப்பொடி சிந்திய மாதிரி.
மறுநாள் தேமல்.
மூன்றாம் நாள் மூக்கே சொல்லிவிடும்.

மயிலாடுதுறையில் திறந்த கார் எதற்கு என்பார்கள்.
மாப்பிள்ளை அழைப்புக்கு.
மூன்று மணி நேரம், பெட்ரோல் தனி,
பூ அலங்காரம் அவர்கள் பாடு,
கூரை என் பாடு.

சலவைத்தூள் ஆகாது,
துணி மேலிருக்கும் மெழுகைத் தின்றுவிடும்.
பிள்ளைக்குத் தேய்க்கிற சோப்பு, மெத்தென்ற பிரஷ்,
இழை ஓடும் திசையில் மட்டும் கை.
கறுப்புப் புள்ளிக்கு வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் நாலு.
(இரண்டு நாளைக்கு ஊறுகாய்ப் பானைக்குள்
உட்கார்ந்து ஓட்ட வேண்டும்.)
ஒருமுறை தாவூது, நல்ல எண்ணம்தான்,
வேப்பெண்ணெய் பூசிவிட்டான்.
கும்பகோணம் ரோட்டுத் தூசி மொத்தமும்
அந்த வாரம் என் தலைமேல் குடியிருந்தது.
பிளாஸ்டிக் ஜன்னலை மடிக்கும்போது
நடுவில் பழைய வேட்டி.
தையல் நெடுக தேன்மெழுகு, விரல் சூட்டில் இளக்கி.
தைத்தவள் பெயரே தையல்நாயகி,
நெல்லுக்குப் படுதா தைக்கிறவள்.
"துணி ஒழுகாதுண்ணே,
ஊசி போன ஓட்டைதான் ஒழுகும்" என்றாள்
காசை எண்ணிக்கொண்டே.

இதெல்லாம் மறந்தாலும் பாதகமில்லை.
ஈரத்தோடு மட்டும் மடிக்காதே.

அன்றைக்கு மணிக்கூண்டு திரும்புவதற்குள்
பிடித்துக்கொண்டது.
நாகஸ்வரம் மருந்துக்கடைக்குள் ஏறிவிட்டது.
விளக்கு சுமந்தவர்கள் விளக்கோடு ஓடினார்கள்.
நானும் தாவூதும் கூரையை இழுத்துக் கொக்கி மாட்டுவதற்குள்
மாப்பிள்ளையின் கோட்டு பாதி நிறம் மாறியிருந்தது.
ஊர் பார்க்கக் கிளம்பியவரை
ஊரால் பார்க்க முடியவில்லை.
மூச்சுப் படிந்த ஜன்னலை டையால் துடைத்துத் துடைத்து
யாருக்கோ கும்பிடு போட்டார்.
இடது தையலில் ஒரு சொட்டு,
குறிபார்த்த மாதிரி அவர் கழுத்தில்.
திரும்பிப் பார்த்தேன்.
ஒன்றும் சொல்லாமல் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

மண்டபத்தில் ஷெட் கிடையாது.
சமையல் பஞ்சாபகேசன்
பந்திக்கூடத்தின் ஓரத்தைக் காட்டினார்.
"நாலு மணிக்கு எடுத்துடணும், இலை போடணும்."
கூரையை ஏற்றியபடியே விட்டு, கதவு இரண்டும் திறந்து,
ஆளுயர ஃபேன் பக்கத்துக்கு ஒன்று.
நான் தேங்காய்ச் சாக்கில் சாய்ந்தேன்.

இரண்டு இருக்கும். கொலுசு.
மருதாணிக் கைகளை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்தபடி
நீலாயதாட்சி.
பானெட்டில் தெர்மகோலாய் ஒட்டியிருந்தவள்,
'நீலா' வரைக்கும் மழை விட்டுவைத்திருந்தது.
அவர் உட்கார்ந்திருந்த பின்சீட்டில் ஏறினாள்.
பெண்ணுக்கு ஊர்வலம் இல்லை,
அது அவளுக்கும் தெரியும் காருக்கும் தெரியும்.
அண்ணாந்து பார்த்தாள்.
இடது தையலில் இன்னும் ஒன்று
விழலாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது.
உதட்டைக் குவித்து ஊதினாள்.
சிதறி முகத்திலேயே தெறித்தது.

"ஒழுகுமா இது?"
தூங்குகிற மாதிரிதான் படுத்திருந்தேன்.
"கொஞ்சம்."
"அவர் எந்தப் பக்கம்?"
"அதே பக்கம்."
"கத்தினாரா?"
"நகர்ந்துக்கிட்டார்."

ஃபேன் இந்தப் பக்கம் வந்து
அந்தப் பக்கம் போய்
மறுபடி வரும்வரை இருந்தாள்.
பிறகு இல்லை.

நாலு மணிக்குப் புறங்கையைத் தையலில் வைத்தேன்.
உள்ளங்கை ஏமாற்றும், புறங்கை ஏமாற்றாது.
சில்லென்றது.
பஞ்சாபகேசன் இலைக்கட்டோடு நின்றார்.
மடிக்கவில்லை.
மழைக்குள்ளேயே வீடு வந்தோம், மூடியபடி.

பதினோரு நாள் வெயில் இல்லை.
கடைமுகமும் கொட்டித் தீர்த்தது.
முடவன் முழுக்கன்று, அதுவும் பத்து மணிக்கு மேல்,
வந்தது பார், மஞ்சளாய்.
தாவூது கொக்கியைத் தளர்த்தினான்.
உள்பக்கத் துணியில், இடது தையலை ஒட்டி
செம்மண் நிறத்தில் ஒரு விரல் நுனி.

வினிகர் பாட்டிலை எடுத்தேன்.
தெற்கே மறுபடி கறுத்துக்கொண்டிருந்தது.
அதை வைத்துவிட்டு
மெழுகை எடுத்தேன்.